புராண ஃபேண்டஸி நாவல்களும் அவற்றைக் கொண்டாடும் ரசிகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கடவுள்களும் அரக்கர்களும் இன்றைய பள்ளிப் பிள்ளைகளின் வாழ்க்கைக்குள் வந்து நிற்கும் நாவல்களைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் என்னிடம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. புதிதாக வாசிக்க வந்தவர்கள் கேட்கிறார்கள், பிள்ளை ஏன் இப்படிப் பித்துப் பிடித்துத் திரிகிறது என்று புரியாத பெற்றோர் கேட்கிறார்கள், பதினைந்து வருடம் முன்பு படித்து விட்டுப்போய் இப்போது திரும்பி வந்தவர்களும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சில பதில்கள் நீளமாகப் போகும், எனக்கு அங்கே சொல்ல நிறைய இருக்கிறது.

எந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

சுமார் 8 வயது முதல் பதின்பருவம் வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட, ஏதாவது ஒரு பழைய புராண மரபை அடித்தளமாகக் கொண்ட ஃபேண்டஸி நாவல்கள். கிரேக்கம், ரோமம், எகிப்து, நார்ஸ் (வட ஐரோப்பா), மாயன், மகாபாரதம், நவஹோ (அமெரிக்கப் பழங்குடி), மேற்கு ஆப்பிரிக்கக் கதைகள் என்று பரப்பு பெரியது. ஆனால் இன்றைக்கு ரசிகர் கூட்டம் என்று சொன்னால் பெரும்பாலும் பேச்சு ரிக் ரயர்டன் எழுதிய பெர்சி ஜாக்சன் தொடரில் ஆரம்பித்து அங்கிருந்து கிளை விடும், அதனால் இந்தப் பக்கத்திலும் அதுதான் அதிகம் வரும். வெறுமனே மந்திரமும் டிராகனும் இருந்தால் போதாது. பழைய கதை ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அது இருப்பது வாசகருக்கும் தெரிய வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? வரிசை குழப்பமாக இருக்கிறதே?

2005இல் வந்த 'தி லைட்னிங் தீஃப்'. வேறு யோசனையே வேண்டாம். அந்த முதல் தொடரில் ஐந்து புத்தகங்கள், 2009இல் முடிகிறது. அடுத்து 'ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்' ஐந்து (2010 முதல் 2014 வரை), அதில் ரோமானியக் கடவுள்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அப்புறம் 'ட்ரையல்ஸ் ஆஃப் அப்பல்லோ' ஐந்து (2016 முதல் 2020 வரை). இந்தப் பதினைந்தும் ஒரே சங்கிலி, இடையில் குதித்தால் பாதிப் பெயர்கள் புரியாது.

எகிப்தியக் கடவுள்கள் வரும் 'கேன் க்ரானிக்கிள்ஸ்' மூன்றும் (2010 முதல் 2012 வரை) தனியாக நிற்கும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நார்ஸ் புராணத்தை எடுத்துக்கொள்ளும் 'மேக்னஸ் சேஸ்' மூன்றையும் (2015 முதல் 2017 வரை) தனியாகப் படிக்கலாம்தான், ஆனால் மேக்னஸ் பெர்சியின் தோழி அன்னபெத்தின் உறவுக்காரப் பையன், முதல் ஐந்தைப் படித்துவிட்டுப் போனால் அந்தச் சந்திப்புகளின் ருசியே வேறு. 2023இலும் 2024இலும் பெர்சியே கதை சொல்லும் இரண்டு புத்தகங்கள் வந்தன. உலகத்தைப் பலமுறை காப்பாற்றிய பையன் கல்லூரியில் சேரக் கடவுள்களிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க அலையும் கதை. அவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய நண்பனைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

ஏன் இவ்வளவு பித்து? மற்ற சிறுவர் நாவல்களுக்கு இந்த அளவு ரசிகர்கள் இல்லையே?

நான் அதிகம் யோசித்த கேள்வி இது. என் பதில் இரண்டு பகுதியாக இருக்கிறது.

முதலாவது, இடம். கடல் கடவுள் பொசைடனுக்கும் ஒரு மனிதப் பெண்ணுக்கும் பிறந்த பெர்சிக்குப் பன்னிரண்டு வயது, எழுத்துகள் கண்முன்னே மிதக்கின்றன, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, ஒவ்வொரு வருடமும் ஒரு பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுகிறான். அவனிடம் குறை என்று எல்லோரும் சொன்ன இரண்டுக்கும் நாவல் வேறு பெயர் வைக்கிறது. அவன் மூளை பண்டைய கிரேக்க எழுத்துக்குப் பழக்கப்பட்டது, அதனால்தான் ஆங்கிலம் ஆடுகிறது. உட்கார முடியாதது போர்க்களத்தில் அவனைக் காப்பாற்றும் சுறுசுறுப்பு. இது ஆசிரியர் வாசகரைக் கவரக் கண்டுபிடித்த உத்தி இல்லை. ரயர்டன் அப்போது நடுநிலைப் பள்ளி ஆசிரியர், அவருடைய மகனுக்கு டிஸ்லெக்சியாவும் (வாசிப்புச் சிரமம்) ஏடிஎச்டியும் (கவனச் சிதறலும் துறுதுறுப்பும்) இருந்தன. இரவில் தூங்கப்போகும் முன் கிரேக்கக் கதை கேட்பான், தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோன பிறகு மகனுக்காக ஒரு புதுக் கதை கட்டினார், அதுதான் பெர்சி. ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்காகச் சொல்லப்பட்ட கதை என்பதாலேயே எத்தனையோ பிள்ளைகளுக்கு அது தங்களுக்கென்றே சொல்லப்பட்டதாகத் தோன்றுகிறது என்று நம்புகிறேன். போதாததற்கு இப்படிக் கடவுளுக்கும் மனிதருக்கும் பிறந்த பிள்ளைகள் கோடையில் கூடும் முகாம் வேறு இருக்கிறது. ஆரஞ்சு டீஷர்ட், ஒவ்வொரு கோடை முடிவிலும் கழுத்துக் கயிற்றில் கோக்கப்படும் ஒரு களிமண் மணி, உன் தாயோ தந்தையோ யார் என்று தெரிந்ததும் உனக்கென்று ஒரு கேபின். தெரியாவிட்டாலும் ஹெர்மிஸ் கேபினில் படுக்க இடம் உண்டு. அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு நிம்மதியான பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இரண்டாவது காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். இந்த நாவல்களைப் படிக்கும் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு கதைகளைப் படிக்கிறது. கையில் இருப்பது ஒன்று, அடியில் இரண்டாயிரத்துச் சொச்சம் வருடப் பழைய கதை ஒன்று. இரண்டுக்கும் நடுவில் எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று கண்டுபிடிப்பதில் ஒரு போதை இருக்கிறது. அதனால்தான் இந்த ரசிகர்கள் ஒரு புத்தகத்தை ஒரு தடவை படித்து வைப்பதில்லை. மூலத்தைத் தேடிப் போகிறார்கள், திரும்பி வந்து மறுபடி படிக்கிறார்கள், போன தடவை கண்ணில் படாத ஒன்று இப்போது பளிச்சென்று தெரிகிறது, உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். கூட்டம் சேர்வது அப்படித்தான்.

மூலக் கதைகளைத் தெரிந்துகொண்டுதான் இவற்றைப் படிக்க வேண்டுமா?

இல்லை. முதல் வாசிப்பில் ஒன்றும் தெரியாமல் போவதுதான் நல்லது, குழியில் விழுகிற சுகம் கிடைக்கும். ஆனால் படித்து முடித்த பிறகு மூலத்தைத் தேடிப் பாருங்கள், நான் சொல்லும் அந்தப் போதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'தி லைட்னிங் தீஃப்' முடிவு இதில் வருகிறது, இன்னும் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

பெர்சியும் அன்னபெத்தும் ஆட்டுக்கால் கொண்ட நண்பன் குரோவரும் காட்டு வழியில் பசியோடு நடந்து ஒரு தோட்டச் சிலைக் கடைக்கு வந்து சேர்கிறார்கள். முகத்தை மூடிய ஒரு பெண்மணி அன்பாகச் சாப்பாடு போடுகிறார். கடை முழுக்கக் கற்சிலைகள், எல்லா முகத்திலும் பயம். குரோவர் ஒரு சிலையைப் பார்த்து அப்படியே தன் ஃபெர்டினண்ட் மாமா மாதிரி இருக்கிறது என்கிறான். கிரேக்கக் கதை தெரிந்தவருக்கு அந்த முகத்திரையைக் கண்டதுமே வயிற்றைப் பிசையும், அது தன்னைப் பார்ப்பவர்களைக் கல்லாக்கும் மெடூசா. பெர்சி நேராகப் பார்க்காமல் ஒரு கண்ணாடிக் கோளத்தில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து அவள் தலையை வெட்டுகிறான். பழைய கதையில் பெர்சியஸ் பளபளக்கும் வெண்கலக் கேடயத்தில் பார்த்து வெட்டினான். இதுவரைக்கும் எல்லோரும் கவனிப்பார்கள்.

இனிமேல் வருவதைக் கவனிக்க இரண்டாம் வாசிப்பு வேண்டும். பழைய கதையில் பெர்சியஸ் ஏன் அந்தத் தலையைத் தேடிப் போனான்? அவன் தாய் டானேயை அடைய நினைத்த பாலிடெக்டிஸ் என்ற அரசன், குறுக்கே நிற்கும் மகனை ஒழிப்பதற்காகவே அனுப்பினான். பெர்சியஸ் தலையோடு திரும்பி வந்து அந்த அரசனையும் கூட இருந்தவர்களையும் கல்லாக்கினான். இப்போது நாவலின் கடைசிக்கு வாருங்கள். பெர்சியின் வீட்டிலும் அம்மாவைக் கொடுமைப்படுத்தும் ஒருவன் இருக்கிறான், மாற்றாந்தந்தை கேப். தலை இருக்கும் பெட்டியும் பெர்சி கைக்குத் திரும்பி வருகிறது. மகனே பழிதீர்ப்பான் என்று பழைய கதை சொல்கிறது. ஆனால் பெர்சி பெட்டியை அம்மா சேலியிடம் விட்டுவிட்டு நகர்கிறான், முடிவு எடுப்பது அவர். கேப் காணாமல் போகிறான், சீட்டாடும் மனிதன் ஒருவனின் தத்ரூபமான கற்சிலை நல்ல விலைக்குப் போகிறது, அந்தப் பணத்தில் சேலி கல்லூரிக்குப் போகிறார். மூலத்தில் காப்பாற்றப்பட மட்டுமே இருந்த தாய் இங்கே தன் கையால் தன்னை விடுவித்துக்கொள்கிறாள்.

எனக்கு இது நான்காவது வாசிப்பில்தான் உறைத்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா மகளை எழுப்பிச் சொன்னேன், அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

பெர்சியஸ் ஜீயஸின் மகன் அல்லவா? நாவலில் பெர்சி பொசைடனின் மகன். இது தப்பு இல்லையா?

தெரிந்தே செய்த மாற்றம். பெயரும் காரணத்தோடுதான்: நல்ல முடிவு கிடைத்த வீரர்கள் கிரேக்கக் கதைகளில் மிகக் குறைவு, பெர்சியஸுக்கு அது கிடைத்தது, அந்த அதிர்ஷ்டம் மகனுக்கும் வரட்டும் என்று சேலி வைத்த பெயர். தந்தையை மாற்றியதால் மெடூசா காட்சிக்குக் கனம் கூடுகிறது. மெடூசாவின் கதையில் பொசைடனுக்கும் பங்கு உண்டு, அதீனாவுக்கும் பங்கு உண்டு, அவள் எதிரில் நிற்பதோ பொசைடனின் மகனும் அதீனாவின் மகள் அன்னபெத்தும்.

'தப்பு' என்ற சொல்லையே கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்வேன். புராணத்துக்கு ஒற்றைப் பதிப்பு என்றைக்கும் இருந்ததில்லை. பழைய கிரேக்கக் கவி ஹீசியட் சொல்லும் மெடூசா மூன்று கார்கன் சகோதரிகளில் ஒருத்தி, மற்ற இருவருக்கும் சாவு கிடையாது, இவளுக்கு உண்டு. பல நூற்றாண்டு கழித்து ரோமானியக் கவி ஓவிட் எழுதும்போது அவள் அழகிய பெண்ணாக இருந்து, அதீனா தேவியின் கோயிலில் கடல் கடவுளால் சிதைக்கப்பட்டு, தண்டனையும் அவளுக்கே கிடைத்து, கூந்தல் பாம்பாகிறது. எது சரி? நம்மிடமே இருக்கிறதே, வால்மீகியில் இராவணன் சீதையைப் பிடித்துத் தூக்கிப் போகிறான், கம்பனில் தொடாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான். கம்பன் தப்பு செய்தான் என்று யாராவது சொல்வோமா? மாற்றியவர் ஏன் மாற்றினார் என்று கேட்பதுதான் நல்ல கேள்வி. காரணமே இல்லாமல், மூலத்தைப் படிக்கும் சோம்பலால் மாற்றிய நாவல்களும் உண்டு, அவற்றை நானும் பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

மூலக் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

வயது பார்த்துக் கொடுங்கள். கிரேக்கக் கதைகளில் கொலையும் வஞ்சமும் பெண்களுக்கு நடக்கும் கொடுமையும் நிறைய. பத்து வயதுக்குச் சிறுவர்களுக்கென்று மறுகூறல் செய்யப்பட்ட தொகுப்புகள் போதும். பதினைந்து தாண்டியவர்கள் நேராக ஹோமரின் ஒடிஸிக்குப் போகலாம். ஒன்பதாம், பத்தாம் பகுதிகளை மட்டும் படித்தாலே தாமரை தின்பவர்களும் சர்சியும் கிடைத்துவிடுவார்கள், பெர்சி கதையில் அவர்கள் எங்கே சூதாட்ட விடுதியாகவும் அழகு நிலையமாகவும் வந்தார்கள் என்று பார்த்துக் கொள்ளலாம். ஹீசியடின் தியோகனி ஆயிரத்துச் சொச்சம் வரிதான், ஒரே அமர்வில் முடியும்.

கிரேக்கக் கடவுள்கள் சரி. மக்கள் இன்றும் கும்பிடும் தெய்வங்களை வைத்து இப்படி எழுதலாமா?

நியாயமான கேள்வி, அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாத கேள்வி.

ஜீயஸைக் கிண்டல் செய்தால் காயப்படுபவர்கள் இன்று மிகச் சிலர். இந்திரனையும் யமனையும் கொண்டுவந்தால் நிலைமை வேறு. யார் எழுதுகிறார், எந்த நெருக்கத்திலிருந்து எழுதுகிறார் என்பது முக்கியமாகிவிடுகிறது. ரயர்டனிடம் மற்ற மரபுகளைப் பற்றியும் எழுதச் சொல்லி வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் அதையெல்லாம் தானே எழுதாமல், அந்தந்த மரபோடு வளர்ந்த எழுத்தாளர்களுக்கு வழிவிட்டு 'ரிக் ரயர்டன் ப்ரெசென்ட்ஸ்' என்ற பதிப்பு வரிசையைத் தொடங்கினார். அதில் 2018இல் முதலாவதாக வந்தது ரோஷனி சோக்ஷி எழுதிய 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. ஐந்து புத்தகங்களாக வளர்ந்து 2022இல் முடிந்தது. அதே வரிசையில் மாயன் கதைகளை வைத்து ஜே.சி. செர்வாண்டஸ், கொரியக் கதைகளை விண்வெளிக்குக் கொண்டுபோய் யூன் ஹா லீ, ஆப்பிரிக்க அமெரிக்க நாட்டுப்புற நாயகர்களை வைத்து க்வாமே எம்பாலியா, நவஹோ கதைகளை வைத்து ரெபேக்கா ரோன்ஹார்ஸ் என்று பலர் எழுதினார்கள்.

ஆரு ஷாவில் பாண்டவர் ஐவரின் ஆன்மாக்கள் ஐந்து பெண்பிள்ளைகளாகப் பிறந்திருக்கின்றன. ஆரு இந்திரன் மகள், அப்படியென்றால் அவளுக்குள் இருப்பது அர்ஜுனன். கூடவே வரும் மினி தர்மராஜனின் மகள், எதற்கெடுத்தாலும் பயந்து கிருமிநாசினியோடு அலையும் பிள்ளை, அவளுக்குள் யுதிஷ்டிரன். வாயு மகள் பிரின் பீமன், சாப்பாட்டு விஷயத்தில் அதை நிரூபிக்கிறாள். மகாபாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் புத்தகம் வேறு விதமாக வேலை செய்யும். பெர்சியைப் படித்துவிட்டு நாம் மூலத்தைத் தேடிப் போனோம், இங்கே மூலத்தோடேயே உள்ளே நுழைகிறோம். ஒரு பெயர் வந்ததும் அடுத்து என்ன வரப்போகிறது என்ற பதற்றம் நமக்கு முதலிலேயே தொற்றிக்கொள்ளும். சில இடங்கள் உங்களுக்கு உறுத்தலாம், எனக்கும் ஒன்றிரண்டு இடம் உறுத்தியது. பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள், உறுத்திய இடத்தை உரக்கச் சொல்லுங்கள், அதற்குப் பிள்ளை சொல்லும் பதிலையும் கேளுங்கள்.

வேண்டுமென்றே நவீன விஷயங்களைத் திணிக்கிறார்கள் என்று சொல்கிறார்களே?

பெரும்பாலும் 'மேக்னஸ் சேஸ்' பற்றித்தான் இதைச் சொல்வார்கள். அதில் நார்ஸ் புராணத்தின் தந்திரக்காரன் லோகியின் பிள்ளையாக வரும் அலெக்ஸ் ஒரு நாள் ஆணாகவும் ஒரு நாள் பெண்ணாகவும் இருக்கும் பாத்திரம். அந்தத் தொடரின் இரண்டாம் புத்தகத்துக்கு 2017இல், தன்பாலின, மாற்றுப்பாலின வாழ்வைப் பேசும் நூல்களுக்கான ஸ்டோன்வால் விருதும் கிடைத்தது. திணிப்பு என்பவர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஸ்நோரி ஸ்டுர்லுசன் தொகுத்த எட்டா என்ற நார்ஸ் கதை நூலைத் திறந்து பார்க்கட்டும். அங்கே லோகி பெண் குதிரையாக மாறி, கருவுற்று, எட்டுக் கால் குதிரை ஸ்லெய்ப்னிரைப் பெற்றெடுக்கிறான். லோகியின் பிள்ளையை இதைவிடப் பொருத்தமாக யோசிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

'எந்தக் கடவுளின் பிள்ளை நீ' என்று ஏன் எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள்?

அறிமுகம் செய்துகொள்வதற்கு அதைவிட வேகமான வழி இந்தக் கூட்டத்தில் இல்லை. நான் அதீனா என்று ஒருவர் சொன்னால், திட்டம் போடுவார், வாதம் செய்வார், சிலந்திக்குப் பயப்படுவார் என்று புரிந்துவிடும். வினாடி வினா பரிசோதனைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றின் முடிவை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. படிக்கும்போது எந்தப் பாத்திரம் வாய்திறந்தால் உங்களுக்குச் சிரிப்போ அழுகையோ முட்டுகிறதோ, அவருடைய கேபினுக்குப் போங்கள். சின்னப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் பொசைடன் என்பார்கள். இரண்டு வருடம் கழித்துப் பாதாளக் கடவுள் ஹேடிஸ் என்று மாற்றிக்கொள்வார்கள். மாற்றிக்கொள்ள முழு உரிமை உண்டு.

நீல நிறப் பண்டம், ஆகஸ்ட் 18, 600ஆம் மாடி... இவையெல்லாம் என்ன?

நீல நிறத்தில் உணவே கிடையாது என்று கேப் ஒருமுறை அடித்துச் சொன்னான். அன்றிலிருந்து சேலி மகனுக்குச் செய்வதெல்லாம் நீலம். அவனை எதிர்க்க அவருக்குக் கிடைத்த சின்ன வழி அது, அதனால்தான் ரசிகர்கள் நீல நிற கேக்கை அவ்வளவு பாசத்தோடு செய்கிறார்கள். ஆகஸ்ட் 18 பெர்சியின் பிறந்தநாள், கேக் வெட்டப்படுவது அன்றைக்கு. 600ஆம் மாடி என்பது ஒலிம்பஸ், நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு மேலே. கட்டடத்துக்கு உண்மையில் 102 மாடிதான்.

படம் பார்ப்பதா, தொடர் பார்ப்பதா?

தொடர். 2010இலும் 2013இலும் வந்த இரண்டு படங்களும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பதினாறு வயதாக்கி, கதையின் மையத்தையே நகர்த்திவிட்டன. படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையில் என்னென்ன கோளாறு என்று தயாரிப்பாளர்களுக்குத் தான் எழுதிய கடிதங்களை ரயர்டனே பின்னால் வெளியிட்டார். 2023 டிசம்பரில் டிஸ்னி ப்ளஸ்ஸில் தொடங்கிய தொடரில் அவரும் உருவாக்கியவர்களில் ஒருவர். முதல் பருவம் எட்டுப் பகுதிகள், பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள். சில இடங்களில் வேகம் குறைவு, ஆபத்து வருவதற்கு முன்பே பாத்திரங்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. 2019இல் பிராட்வே வரை போன இசை நாடகம் ஒன்றும் இருக்கிறது, அதன் பாடல்களைக் கேட்டுவிட்டு வராத ரசிகர் குறைவு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2022 மே மாதம் அன்னபெத் பாத்திரத்துக்கு லியா ஜெஃப்ரீஸ் அறிவிக்கப்பட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. புத்தகத்தில் அன்னபெத்துக்குப் பொன்னிற முடி, லியா கறுப்பினப் பெண். அந்தப் பிள்ளையை இணையத்தில் துரத்தித் துரத்தித் திட்டியவர்கள் தங்களை ரசிகர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். ரயர்டன் வெளிப்படையாகவே எழுதினார், இது இனவெறி, ஒரு குழந்தையை மிரட்டுவது, நிறுத்துங்கள் என்று. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு முகாம் கட்டிய கதையை ஐந்து தடவை படித்துவிட்டு ஒரு பிள்ளையை வாசலில் நிறுத்தி விரட்ட எப்படி மனம் வந்தது என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. அன்னபெத்தை அன்னபெத் ஆக்குவது அவள் மூளையும் வைராக்கியமும். அது லியாவிடம் இருக்கிறது, பாருங்கள்.

ஃபேன்ஃபிக், ஷிப்பிங் என்றெல்லாம் பிள்ளை பேசுகிறது. கவலைப்பட வேண்டுமா?

ஃபேன்ஃபிக் என்றால் ரசிகர்கள் அதே பாத்திரங்களை வைத்து எழுதும் கதை. ஷிப்பிங் என்றால் இரண்டு பாத்திரங்கள் ஜோடி சேர வேண்டும் என்று ஆசைப்படுவது, பெயர்களை ஒட்டி பெர்சபெத் என்றும் சொலாஞ்சலோ என்றும் சொல்வார்கள். இந்த ஆசைகளை இளப்பமாக நினைக்காதீர்கள். மூன்றாம் புத்தகத்தில் அக்காவின் பின்னால் ஓடிவரும் சின்னப் பையனாக அறிமுகமான நிக்கோ, வாசகர்கள் நெஞ்சோடு வைத்துக்கொண்ட பிள்ளை, 2023இல் தன் காதலன் வில்லோடு ஒரு தனி நாவலுக்கே நாயகன் ஆனான்.

கவனம் தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபேன்ஃபிக் தளங்களில் எல்லா வயதுக்கான எழுத்தும் கலந்து கிடக்கும். ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் போன்ற தளத்தில் ஒவ்வொரு கதைக்கும் மேலே வயதுத் தரமும் உள்ளடக்கக் குறிச்சொற்களும் இருக்கும், அவற்றைப் படித்து வடிகட்டத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை காட்டிக்கொடுங்கள்.

என் பிள்ளை இதைத் தவிர வேறெதுவும் படிப்பதில்லை. அதே புத்தகத்தை ஆறாவது தடவை படிக்கிறது.

விடுங்கள், படிக்கட்டும்.

என் அக்கா மகளின் 'தி லைட்னிங் தீஃப்' பிரதிக்கு இப்போது முதுகு இல்லை. அட்டை தனியாக வந்துவிட்டது, டேப் ஒட்டிய இடம் மஞ்சளாகிவிட்டது, மெடூசா அத்தியாயத்தின் ஓரங்களில் பென்சிலில் மூன்று வெவ்வேறு கையெழுத்து, மூன்றும் அவளுடையதே, ஒன்பது வயதில், பதினொன்றில், பதின்மூன்றில். ஒன்பது வயதுக் குறிப்பு, 'பயமா இருக்கு'. பதினொன்றில், 'கேடயத்துக்கு பதில் கண்ணாடி உருண்டை'. பதின்மூன்றில், 'மெடூசா சொல்றதை ஏன் யாரும் கேக்கல?' ஒரே பக்கம்தான். வாசிப்பு வளர்வதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை. வேறு புத்தகத்துக்கு நகர்த்த வேண்டும் என்றால் பிடித்த புத்தகத்தைப் பிடுங்காதீர்கள், அடுத்த கேள்வியின் பதிலில் இருப்பதில் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள்.

இதே மாதிரி வேறு என்ன இருக்கிறது?

பழையவற்றிலிருந்து சொல்கிறேன், புதியவை எப்படியும் உங்கள் கண்ணில் படும். லாய்ட் அலெக்சாண்டரின் ப்ரிடெய்ன் ஐந்து நூல்கள், 1964 முதல் 1968 வரை, வேல்ஸ் நாட்டு மபினோகியன் கதைகளின் மண்ணில் முளைத்தவை. பன்றி மேய்க்கும் பையன் நாயகன், கடைசிப் புத்தகத்துக்கு 1969இல் அமெரிக்கச் சிறுவர் இலக்கிய விருதான நியூபெரி பதக்கம். டயானா வின் ஜோன்ஸ் 1975இல் எழுதிய 'எய்ட் டேஸ் ஆஃப் லூக்', நார்ஸ் கடவுள்கள் கிழமைகளின் பெயரில் ஒளிந்துகொண்டு ஒரு சாதாரணப் பையன் வீட்டுக்கு வருகிறார்கள், யார் யார் என்று கண்டுபிடிப்பதே விளையாட்டு. கிரேஸ் லின்னின் 'வேர் தி மவுண்டன் மீட்ஸ் தி மூன்' சீன நாட்டுக்கதைகளைக் கதைக்குள் கதையாகக் கோத்தது, எட்டு வயதுப் பிள்ளைக்கு இரவில் வாசித்துக் காட்ட அருமையானது. நெடி ஒகோராஃபோரின் 'அகாடா விட்ச்' நைஜீரியாவில் நடப்பது, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு.

எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இப்போது படிக்கலாமா?

இன்றைக்கே. பெரியவராகப் படித்தால் சேலியின் கதை உங்களை அதிகம் பிடித்துக்கொள்ளும்.

நானும் இப்படி ஒன்று எழுதிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது?

பெரிய கடவுளை எடுக்காதீர்கள், அவர்கள் கதை எல்லாருக்கும் தெரியும். ஓரத்தில் நிற்கும் யாரையாவது எடுங்கள். பழைய கதையில் ஒரு வரியில் வந்து போனவர், பெயர் மட்டும் இருப்பவர், தோற்றவரின் தங்கை, அரக்கனின் சமையல்காரன். மூலத்தில் அவரைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று முழுசாகத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதில் எதை மாற்றப்போகிறீர்கள், ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். அந்த வாக்கியம் எழுத வந்தால் கதை வந்துவிடும்.

அக்கா மகள் இப்போது எழுதிக்கொண்டிருப்பது ஃபெர்டினண்ட் மாமாவின் கதை. மெடூசாவின் தோட்டத்தில் கல்லாக நின்றுகொண்டு, வரும் போகும் பிள்ளைகளின் பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் ஆட்டுக்கால் சேட்டர். ஒரு நாள் தெரிந்த குரல் ஒன்று கேட்கிறது, அது குரோவர், அவரால் திரும்ப முடியவில்லை. இதுவரை ஏழு பக்கம். மெடூசா செத்ததும் கல்லானவர்களுக்கு உயிர் திரும்புமா என்ற இடத்தில் நிற்கிறாள். பழைய கதையில் அவள் செத்த பிறகும் வெட்டிய தலை கல்லாக்கிக்கொண்டுதான் இருந்தது, அதனால் திரும்ப வைத்தால் மூலத்துக்கு விரோதம், திரும்ப வைக்காவிட்டால் மாமா பாவம். மூன்று வாரமாக முடிவு எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் பார்த்தேன், மாமாவின் இடது காதில் மட்டும் ஒரு குருவி கூடு கட்ட ஆரம்பித்திருந்தது.